கொள்ளிட மணலில் இறக்கிய கருடன்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சுற்றுச்சூழலைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்றுதான் முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவள் கையில் மைக்கைக் கொடுத்தால் அவ்வளவு சீக்கிரம் திரும்ப வாங்க முடியாது என்று பிறகு யாரோ சொல்லியிருக்க வேண்டும். "எழுதிக் குடுத்துடுங்க மேடம், பசங்க படிச்சுக்குவாங்க" என்று மாற்றிக்கொண்டார்கள். நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

பேட்டரியை எப்படிக் கழற்ற வேண்டும், எந்தச் சூட்டில் சார்ஜ் போடக் கூடாது, காற்று எவ்வளவு அடித்தால் ட்ரோனைக் கிளப்பக் கூடாது, இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதப்போவதில்லை. நம் ட்ரோனை ஸ்ரீரங்கத்துத் தெருக்கள் கையெடுத்துக் கும்பிட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

நான் உறையூர்க்காரி. வேலை பார்த்த வருஷங்களில் பெரும்பகுதி பஸ்களோடு போனது. ஒரு லிட்டர் டீசலுக்கு ஒரு வண்டி எவ்வளவு தூரம் ஓடுகிறது, ஏன் அதற்கு மேல் ஓட மாட்டேன் என்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வதுதான் வேலை. அதனால்தான் கடைசிச் சில வருஷங்கள் இந்தப் பறக்கும் வண்டிகளுக்கு என்னை எடுத்தார்கள். டீசலுக்குப் பதில் கரண்ட், ரோட்டுக்குப் பதில் ஆகாயம், மற்றபடி மைலேஜ் மைலேஜ்தானே என்று நானும் சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்த முதல் வாரமே தொடக்க விழா. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடிதான் நம் நிலையம். 'புகையில்லாத வானம்' என்று பெரிய பேனர். விருந்தினர்கள் வந்து உட்கார்ந்ததும் கரண்ட் போய்விட்டது. சார்ஜ் ஏறாமல் ட்ரோன் கிளம்பாது. மண்டபத்துக்காரர் உபகாரி, முகூர்த்த நாட்களுக்கு வைத்திருந்த டீசல் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார். பேனருக்கு நேர் பின்னால் குபுகுபுவென்று கரும்புகை. போட்டோகிராபர் எந்தப் பக்கம் போய் நின்றாலும் பேனரும் புகையும் ஜோடியாகத்தான் விழுந்தன. எங்கள் மேலாளர் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் போட்டோவைப் பார்த்த பிறகுதான் மாடி முழுக்க சோலார் தகடு வந்தது. ட்ரோன் புகை விடவில்லை என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், மறுமுனையில் யார் புகை விடுகிறார்கள் என்று பாருங்கள். நான் போய்ப் பார்த்தேன், இருமிக்கொண்டே திரும்பி வந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திருவெள்ளறைப் பக்கம் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ரத்த மாதிரிகளைத் திருச்சி லேபுக்குக் கொண்டுவருவதுதான் நம் ட்ரோன்களின் முதல் வேலை. அங்கே ஒரு நர்ஸ் இருந்தார். நாங்கள் எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடுவோம். பாதி வைத்தியம் அவர் அதட்டலிலேயே முடிந்துவிடும். அவருக்கு உலகத்திலேயே பிடிக்காத வார்த்தை 'நாளைக்கு வாங்க' என்பது. முன்பெல்லாம் கர்ப்பிணிகளின் ரத்தம் பஸ் ஏறி லேபுக்குப் போகும். முடிவு மறுநாள்தான் வரும். வயல் வேலையை விட்டுவிட்டு வந்தவளிடம் இன்னொரு நாளும் விட்டுவிட்டு வா என்று சொல்ல வேண்டும். பாதிப் பேர் வர மாட்டார்கள். வராதவள்தான் பெரும்பாலும் உடம்பில் ரத்தமே இல்லாதவளாக இருப்பாள். நம் ட்ரோன் போக ஆரம்பித்த பிறகு, காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவு அவர்கள் சாயங்கால பஸ் ஏறுவதற்குள் வந்துவிடும். மருந்தைக் கையோடு கொடுத்து அனுப்பிவிடுவார்.

"மேடம், ஒங்க பூச்சி மட்டும் நின்னுச்சு, நான் திருச்சிக்கே வந்து சண்ட போடுவேன், சொல்லிட்டேன்" என்று போனில் மிரட்டுவார். அவருக்கு அது பூச்சிதான். கடைசி வரைக்கும் ட்ரோன் என்று சொன்னதே இல்லை.

நின்றுபோகும் ஆபத்து இருக்கத்தான் செய்தது. அப்போது நடந்தது சோதனை ஓட்டம். நிதி கொடுத்த அமைப்பிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். இது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று அவர் எழுதிக் கொடுத்தால் தொடர்ந்து பறக்கலாம். எழுதாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். சிஸ்டரும் பழையபடி 'நாளைக்கு வாங்க' என்று சொல்ல வேண்டியதுதான்.

அவரிடம் காட்டுவதற்காக எங்கள் மேலாளர் ஒரு கணக்கு வைத்திருந்தார். அதற்குப் 'பசுமை எண்' என்று பெயர். ஒரு பெட்டியை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எவ்வளவு கரண்ட் ஆகிறது, அவ்வளவுதான். குறையக் குறைய நல்லது. மைலேஜுக்குப் புதுச் சட்டை போட்ட மாதிரி இருந்ததால் எனக்கும் அது பிடித்திருந்தது. அதைக் குறைக்க முதல் வழி நேர்கோட்டில் பறப்பது. திருவெள்ளறையிலிருந்து வயல்களைத் தாண்டி, கொள்ளிடத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தின் மேற்குக்கரைத் தென்னந்தோப்புகளின் மேலாக நேரே நம் மொட்டை மாடி. அங்கே பேட்டரியை மாற்றிக்கொண்டு காவிரியைத் தாண்டினால் லேப். கோயில் இருக்கும் பக்கம் போக அனுமதியும் கிடையாது, எங்களுக்கு அந்த ஆசையும் கிடையாது. இரண்டாவது வழி, பேட்டரியைச் சின்னதாக்குவது. கனம் குறைந்தால் கரண்ட் குறையும். போய்ச் சேரத் தேவையான அளவுக்கு மேல் 'கொஞ்சம்' இருந்தால் போதும் என்பார் மேலாளர். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில் எனக்கும் அவருக்கும் ஓயாத தகராறு. ஒவ்வொரு தடவையும் அவர்தான் ஜெயிப்பார்.

எல்லாம் சரியாக இருந்தது, ஜனங்களைத் தவிர. அப்போது நம் ட்ரோன்கள் வெள்ளை நிறம். மொட்டை மாடியில் துணி காயப்போடும் பெண்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடினார்கள். கேமரா வைத்துப் படம் பிடிக்கிறார்கள் என்று பேச்சு. தினமும் புகார் போன். தோப்பிலிருந்து ஒருநாள் கல்லே வந்தது.

அதற்கு வழி சொன்னது வைதேகி. ட்ரோன் ஓட்டுகிறவள், மாடியில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அதை நடத்திக்கொண்டு வருவாள். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிப் பெண். அவள் அப்பா கோயில் கைங்கரியத்தில் இருப்பவர்.

"அக்கா, எங்க தெருவுல கருடன் வட்டம் போட்டா என்ன நடக்கும் தெரியுமா? காபி ஆத்திண்டிருக்கறவா டம்ளர வெச்சுட்டு வந்து சேவிப்பா. நம்ம ட்ரோனுக்கும் அந்த நெறத்த அடிச்சுட்டா கல்லெறிய யாருக்காவது கை வருமா?"

செம்மண் நிற உடம்பு, வெள்ளைக் கழுத்து. கேட்டதும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எனக்கும்தான். மேலாளர் சந்தோஷத்தில் கைதட்டினார். லாரிகளுக்கு வண்ணம் தீட்டும் பெயிண்டர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் கலைஞர். சொன்னதோடு நிற்காமல் இறகுகளைத் தனித்தனியாக வரைந்து, முன்பக்கம் மஞ்சளில் ஒரு மூக்கும் வைத்து, இரண்டு பக்கமும் கண்ணும் திறந்துவிட்டார். "கண்ணு இல்லாம எப்படிங்க பறக்கும்?" என்று எங்களையே கேட்டார்.

வைதேகி சொன்னபடியே நடந்தது. மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். புகார் போன்கள் நின்றன. மேல சித்திரை வீதியிலிருந்து ஒரு மாமா மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவை கூப்பிடுவார். "கருடன் இன்னிக்கு எத்தன மணிக்கு வரார்? இல்ல, சேவிச்சுட்டே சாப்ட உக்காரலாம்னு பார்க்கறேன்." அது லேபுக்கு ரத்தம் கொண்டுபோகும் மிஷின், மாமா என்று வைதேகி எடுத்துச் சொல்லியும் பயனில்லை. "அதுக்கென்ன, அமிர்தம் கொண்டுவந்தவருக்கு இதுவும் கார்யம்தானே" என்று நேரத்தைக் கேட்டுக்கொண்டுதான் போனை வைப்பார்.

தை பிறந்ததும் பசுமை எண் ஏற ஆரம்பித்தது.

அதே பாதை, அதே பெட்டி. ஆனால் கொள்ளிடத்தின் தென்கரையை நெருங்கும்போது மட்டும் கரண்ட் அதிகமாகச் செலவானது. காற்று என்றார் ஒருவர். பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்றார் இன்னொருவர். ஒருநாள் ட்ரோன் இறங்கியபோது பெயிண்டர் ஆசையாகத் தீட்டிய முதுகில் நீளமாக மூன்று கீறல்கள். விசிறியைச் சுற்றியிருந்த வளையத்திலும் விரிசல். வைதேகி கேமரா படத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

கரையோரம் ஒரு பெரிய அரசமரம். அதன் உச்சியில் கூடு. அந்தக் கூட்டிலிருந்து நிஜக் கருடன் ஒன்று நம் கருடன் மேல் பாய்ந்துகொண்டிருந்தது. பாய்ச்சலுக்குத் தப்பி நம் ட்ரோன் ஆடி ஆடி நிமிர்வதில்தான் அத்தனை கரண்டும் போயிருக்கிறது.

"அக்கா, அது நம்மள இன்னொரு கருடன்னு நெனச்சுண்டுடுத்து. தன்னோட எடத்தப் புடிக்க வந்திருக்கோம்னு சண்ட போடறது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊரே ஏமாந்து கும்பிட்டது, அதுவும் ஏமாந்துதான் போயிற்று, ஆனால் அதன் மரியாதை வேறு மாதிரி. சிரித்து முடித்ததும் பயம் வந்தது. கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும். நாங்கள் ஒரு நாளைக்குப் பல தடவை அதன் வாசலில் போய் வருகிறோம். பெயிண்டை மாற்றினால் சண்டை குறையலாம். வாசலில் போய் வருவது மாறாது.

கொள்ளிடத்தைக் கடக்கும் டோல்கேட் பாலத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனால் அந்த மரத்தின் பக்கமே போக வேண்டாம். தூரம் கூடும், பெரிய பேட்டரி வேண்டும், பசுமை எண் கெடும். மேலாளரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேடம், பங்குனியில ஆய்வுக்கு வர்றாங்க. இப்பப் போய் எண்ணக் கெடுத்துக்கச் சொல்றீங்களே? ஒரு ஸ்பீக்கர வாங்கி மரத்துக்கிட்ட வெச்சிடுவோம். சத்தத்துல அது வேற எடம் பாத்துக்கும்."

"குஞ்சத் தூக்கிக்கிட்டா சார் வேற எடம் பாக்கும்?" என்று நான் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். என் குரலுக்கே ஸ்பீக்கர் தேவையில்லை என்று எங்கள் ஆபீசில் ஒரு பேச்சு உண்டு.

வைதேகி மெதுவாகத்தான் சொன்னாள். "சார், கருடன வெரட்டறதுக்கு ஸ்பீக்கர் வெச்சேன்னு தெரிஞ்சா எங்கப்பா என்ன ஆத்துக்குள்ளயே சேக்க மாட்டார்."

ஸ்பீக்கர் யோசனை அத்தோடு போயிற்று. ஆனால் பாதையை மாற்ற மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆய்வு முடியட்டும், மறுநாளே மாற்றிவிடலாம் என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. அந்த எண்ணில்தான் எங்கள் எல்லோருடைய வேலையும், சிஸ்டரின் சாயங்கால பஸ்ஸும் தொங்கிக்கொண்டிருந்தன. அதுவரை பயணங்களைக் குறைத்து, மரத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்று சமாதானம் ஆனோம். கருடனுக்கு அந்தச் சமாதானம் தெரியாது.

பங்குனி வெயிலில் ஆய்வாளர் வந்தார். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஷூ விஷயத்தை எழுதப்போகிறேன், அதனால் பெயரை விட்டுவிடுவதுதான் மரியாதை. பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. அதிகம் பேசாத மனிதர். மாடியில் சோலார் தகடுகளைப் பார்த்தார், பழைய பேட்டரிகளை எங்கே அனுப்புகிறோம் என்று கேட்டார், காபி கொடுத்தால் வாங்கிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அன்று சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் வரும் நாள். சிஸ்டர் பெட்டியை அனுப்பிவிட்டார். வைதேகி திரைக்கு முன்னால். அவள் பின்னால் நானும் மேலாளரும் ஆய்வாளரும். வயல்கள் வந்தன, கொள்ளிடத்து மணல் வந்தது. பசுமை எண் திரையின் மூலையில் அழகாகக் குறைந்துகொண்டே வந்தது. மேலாளர் அதைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அரசமரத்துக் கிளையிலிருந்து என்னவோ ஒன்று கழன்று விழுந்த மாதிரி இருந்தது. விழவில்லை, பறந்தது. குஞ்சு. அன்றைக்குத்தான் கூட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறது போலும். சைக்கிள் கற்றுக்கொள்ளும் பிள்ளை மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நேரே நம் பாதைக்கு வந்தது. அதற்கு மேலே தாயும் தகப்பனும் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா?" என்றாள் வைதேகி. அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. மேலே ஏறினால் பெரிய பறவைகள். நேரே போனால் விசிறிகளுக்கு முன்னால் குஞ்சு. சுற்றிக்கொண்டு போகவோ திரும்பிப் போகவோ பேட்டரியில் அந்தக் 'கொஞ்சம்' போதாது. காத்துக்கொண்டு நின்றாலும் அதே கதி.

மேலாளர் என் காதருகில் வந்து, ஆய்வாளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னார். "போகட்டும் மேடம். அதுவே ஒதுங்கிக்கும். போகட்டும்."

ஒதுங்கியிருக்கலாம். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் எனக்குப் பழக்கம் ஒன்றுதான், பஸ் காலத்துப் பழக்கம்.

"எறக்கும்மா" என்றேன். "மணல்ல எறக்கு."

கொள்ளிடத்து நடு மணலில் ட்ரோன் போய் உட்கார்ந்தது. திரையில் மணலும் வானமும் மட்டும் தெரிந்தன. மூலையிலிருந்த பசுமை எண் அணைந்துபோனது. மேலாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

எனக்கு முதலில் சிஸ்டரின் முகம்தான் ஞாபகம் வந்தது. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். படியில் பின்னாலேயே காலடிச் சத்தம்.

"நானும் வரேங்க" என்றார் ஆய்வாளர்.

உறையூர்க்காரியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மேலூர்த் தோப்புச் சாலையில் போவது எப்படிப்பட்ட அனுபவம் என்று அவர் பிறகு எங்கேயும் எழுதவில்லை. கரையில் வண்டியை நிறுத்திவிட்டு மணலில் இறங்கினோம். ஷூவுக்குள் மணல் போனதும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மணல் சுட்டதும் திரும்பப் போட்டுக்கொண்டார். மறுபடி மணல், மறுபடி கழற்றல். நான் பார்க்காத மாதிரி முன்னால் நடந்தேன்.

ட்ரோனைச் சுற்றி ஒரு கூட்டம். வாழைத்தோப்பில் வேலை முடிந்து ஆற்றைக் கடந்து போய்க்கொண்டிருந்த பெண்கள். வெயில் படாமல் இரண்டு பேர் வாழை இலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஈரத் துண்டு அதன் முதுகில் போர்த்தியிருந்தது. பெயிண்டர் வைத்த மஞ்சள் மூக்கில் யாரோ தன் தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்துச் சுற்றியிருந்தார்கள்.

"வெயிலு தாங்காம மயங்கி விழுந்துட்டாருங்க" என்றார் அதில் மூத்தவர். "பாவம், மேல பெரியவங்க ரெண்டு பேரும் இவரயே சுத்திச் சுத்தி வந்துக்கிட்டிருந்தாங்க. எழுப்பிப் பாத்தோம், எந்திரிக்கல."

"இது மிஷினுங்க" என்றேன்.

"அது தெரியுதுங்க" என்றார் அந்த அம்மா, கொஞ்சம் கோபமாகவே. "மிஷினா இருந்தா வெயிலு சுடாதா?"

பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். ஈரத் துண்டின் புண்ணியத்தில் அது குளிர்ந்திருந்தது. ஆய்வாளர் கையில் ஷூவோடு நின்று சிரித்தார். காலையிலிருந்து அப்போதுதான் அவர் சிரித்துப் பார்க்கிறேன். சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று.

பெட்டியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டோம். ட்ரோனை அந்தப் பெண்களே கரை வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்து, பின்னால் வந்த நம் ஆட்களிடம் ஒப்படைத்தார்கள், பூவைக் கழற்றாமல். திரும்பி வரும்போது ஆய்வாளர் ரத்த மாதிரிப் பெட்டியை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தார். மாடியில் வைதேகி இன்னொரு ட்ரோனைத் தயாராக வைத்திருந்தாள். பெட்டி லேபுக்குப் பறந்தது.

சிஸ்டர் போன் செய்தார். "மேடம், எல்லாரும் உக்காந்திருக்காங்க. பஸ்ஸு வர்ற நேரமாச்சு. நாளைக்கு வாங்கன்னு சொல்லிடட்டுமா?"

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"சொல்லாதீங்க சிஸ்டர். கொஞ்சம் பொறுங்க. வந்துடும்."

வந்துவிட்டது. பஸ் கிளம்புவதற்குள் முடிவுகள் வந்தன, மருந்தும் கொடுத்தாயிற்று. பஸ் கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்பியது. சிஸ்டர் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு டிரைவருக்கு ரத்த அழுத்தம் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். டிரைவருக்கு அழுத்தம் நிஜமாகவே அதிகமாக இருந்ததாம்.

எல்லாம் முடிந்து மாடியில் உட்கார்ந்தோம். ஆய்வாளர் ஷூவைக் கவிழ்த்துத் தட்டினார். கொள்ளிடமே கொட்டியது.

"எதுக்காக எறக்குனீங்க? உங்க எண்ணு கெடும்னு தெரியும்ல?" என்று கேட்டார்.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் அழகாக ஒன்றும் சொல்லவில்லை. "சார், ரோட்டுல ஒரு கன்னுக்குட்டி குறுக்க வந்தா டிரைவர் பிரேக் போடுவாரு. பிரேக் போட்டா டீசல் வீண்தான். அதுக்காக எந்த டிப்போவுலயும் ஏன்யா பிரேக் போட்டேன்னு கேட்டதில்ல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அதை நான் இன்னும் மறக்கவில்லை. "அந்த அரசமரம் உங்க எண்ணுல எங்க இருக்குங்க?"

எங்கேயும் இல்லை. பிளக்கிலிருந்து வந்ததை மட்டும்தான் நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். போகிற வழியில் ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு எங்களால் ஆகும் செலவு அதில் வரவில்லை. அந்த ஒரே கேள்வியால் அவரை என் குரு என்று சொல்லிக்கொள்கிறேன். அவருக்கு அது தெரியாது.

அனுமதி கிடைத்தது, மூன்று நிபந்தனைகளோடு. கூடு கட்டும் மாதங்களில் பாலத்தை ஒட்டிச் சுற்றிப் போக வேண்டும். திரும்பி வரும் அளவுக்குப் பெரிய பேட்டரி வைக்க வேண்டும். கருடன் வேஷத்தைக் கலைக்க வேண்டும். மேலாளர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பசுமை எண் எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. அதைக் குறைக்க நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து யோசித்தபோதுதான் கண்ணுக்கு நேரே இருந்த ஒன்று தெரிந்தது. மாதிரிகளை இறக்கிவிட்டு நம் ட்ரோன்கள் வெறும் பெட்டியோடுதான் திருவெள்ளறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. பஸ் காலத்தில் காலி வண்டி ஓடினால் தாம்தூமென்று குதித்தவள் நான், ஆகாயத்தில் அது தெரியவேயில்லை. திரும்பும் பெட்டியில் தடுப்பூசியும் மாத்திரையும் ஏற்றினோம். மருந்து வேன் ஒன்று ஓடுவது நின்றது. வெயில் உச்சியில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போட்டோம். பறக்கத் தெம்பில்லாத பழைய பேட்டரிகள் சிஸ்டரின் தடுப்பூசிப் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கப் போயின. சுற்று வழியில் போன கரண்டெல்லாம் இப்படித் திரும்பி வந்தது. முதலில் மேலாளர்தான் கணக்குப் பார்த்துவிட்டு ஓடி வந்தார், என்னோடு பேசவில்லை என்பதையும் மறந்துவிட்டு.

வேஷம் கலைத்ததும் ஒரு கூத்து. புது நிறத்துக்கு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் ஆட்டோ மஞ்சள் என்று முடிவாயிற்று. பார்த்தால் எல்லோருக்கும் தெரியும், யாரும் கும்பிட மாட்டார்கள், எந்தப் பறவையும் சொந்தம் கொண்டாடாது. பழைய பெயிண்டரே வந்து அடித்தார். மூக்கை அழிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. சித்திரை வீதி மாமா மட்டும் போன் செய்தார். "என்ன, இப்பல்லாம் கருடனே வரதில்லையே? வெறும் ஆட்டோதான் போறது?"

"மாமா, நெஜக் கருடனே மேலூர்ல இருக்கு. வந்து சேவிங்கோ" என்று வைதேகி வழி சொன்னாள். அவர் குடையோடு வந்துவிட்டார்.

நான் ஓய்வு பெற்ற நாளைச் சொல்லி முடிக்கிறேன். அதுவும் பங்குனிதான். அதே ஜோடி அதே மரத்தில் மறுபடி குடித்தனம் வைத்திருந்தது. மாடியில் எனக்கு மாலையெல்லாம் போட்டு, இலையில் வடை வைத்து, மேலாளர் நாலு வார்த்தை பேச எழுந்தார். அதற்குள் வைதேகி திரையிலிருந்து தலையைத் தூக்காமல் கையை மட்டும் உயர்த்தினாள். அந்த வருஷத்துக் குஞ்சு காற்றில் அடித்துக்கொண்டு பாலத்துப் பக்கமே வந்துவிட்டது. வைதேகி மஞ்சள் ட்ரோனை வட கரையிலேயே இறக்கிக் காக்க வைத்தாள். இப்போது அதற்குப் பேட்டரி இருந்தது. மேலாளர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என் போன் அடித்தது. சிஸ்டர்.

"மேடம், பூச்சி ஏன் இன்னும் போய்ச் சேரலன்னு லேப்ல கேக்கறாங்க. என்னாச்சு?"

"மேல டிராஃபிக் சிஸ்டர். பாலத்துக்கிட்ட ஒரு கொழந்த பறக்கக் கத்துக்கிட்டிருக்கு."

சண்டை வரும் என்று காதை விட்டுப் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். சண்டை வரவில்லை. அவர் பின்னால் திரும்பிக் காத்திருக்கும் பெண்களிடம் சொல்வது கேட்டது.

"எல்லாரும் உக்காருங்கம்மா. இன்னைக்கே வந்துடும். ஒரு புள்ள வழில நிக்கிதாம், அது மொதல்ல போகட்டும்."